பொருந்தினால் மட்டும் போதுமா?

1962இல் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த 'எம்ஜிபி' விளையாட்டுக் காரை இன்றும் சாலையில் பார்த்தால் கண்கள் தானாகத் திரும்பும். 1980 வரை 5 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் தயாராயின. அதனால் இன்றும் உதிரிப் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. சின்ன வால்விலிருந்து முழு உடற்கூடு வரை புதிதாகவே வாங்கலாம்.

பாகம் கிடைப்பது சுலபம்தான். சரியானதைத் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல். ஒரே பாகம் மூன்று விலைகளில் இருக்கும். படத்தில் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். மலிவானதும் காரில் பொருந்திவிடும். ஆனால் அது சரியில்லை என்றால், நட்டம் அந்தப் பாகத்தின் விலையோடு நிற்காது. என்ஜினையே மீண்டும் திறக்க வேண்டி வரும்.

முதலில் எண்ணைப் பாருங்கள்

எம்ஜிபியின் 1,798 சிசி என்ஜின் வெளித்தோற்றத்தில் பெரிதாக மாறவில்லை. உள்ளே மாறியிருக்கிறது. தொடக்கத்தில் கிராங்க்‌ஷாஃப்டை மூன்று பேரிங்குகள் தாங்கின. 1964 இறுதியிலிருந்து ஐந்து. என்ஜின் எண் '18ஜி' அல்லது '18ஜிஏ' என்று தொடங்கினால் மூன்று, '18ஜிபி' என்றால் ஐந்து. 1970களில் வந்தவற்றில் பெரும்பாலானவை '18வி'.

"என் கார் 1968" என்று மட்டும் கடையில் சொன்னால் போதாது. ஐம்பது, அறுபது ஆண்டுகளில் யாரோ வேறு என்ஜினை மாற்றியிருக்கலாம். பிளாக்கில் உள்ள சிறு தகட்டைத் துடைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு பிறகு பாகத்தைத் தேடுங்கள்.

ஈயம் போனதால் வந்த வேலை

இந்தக் கார் பிறந்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அந்த ஈயம் வால்வு சீட்டுகளின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. சிங்கப்பூரில் 1998இலும் பிரிட்டனில் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஈயப் பெட்ரோலின் பொது விற்பனை முடிவுக்கு வந்தது. உடல்நலத்துக்கு நல்லதுதான். ஆனால் பழைய என்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் மெல்ல உள்வாங்கத் தொடங்கும்.

இதற்காக ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினை உடனே பிரிக்க வேண்டாம். வால்வு இடைவெளியை அடிக்கடி அளந்து பாருங்கள். சரிசெய்த பிறகும் அது விரைவாகக் குறைந்துகொண்டே வந்தால் சீட் தேய்கிறது என்று பொருள். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும்போது கடினப்படுத்திய சீட்டுகளைப் போட்டுவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

மிச்சம் பிடிக்கக்கூடாத இடம்

புதிய கேம்ஷாஃப்ட் வாங்கினால் டாப்பெட்டுகளையும் புதிதாகவே வாங்குங்கள். பழைய டாப்பெட்டுகள் பழைய கேமின் தேய்மானத்துக்குப் பழகியவை. புதியதை அவை அரித்துவிடும். போதிய கடினம் இல்லாத டாப்பெட்டுகளும் சந்தையில் இருக்கின்றன. யார் தயாரித்தது என்று சொல்லத் தயங்கும் விற்பனையாளரிடம் இந்தப் பாகத்தை வாங்காதீர்கள். துத்தநாகச் சேர்க்கை போதிய அளவு உள்ள எண்ணெயை ஊற்றுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டர் ஆர்ம் இன்னும் சின்னப் பாகம். மட்டமான தயாரிப்பில், நடுவிலுள்ள ரிவெட் வழியாக மின்சாரம் கசிந்து, ஓடும் கார் திடீரென நின்றுவிடும். நெடுஞ்சாலையின் வேகத்தடத்தில் அப்படி நின்றால் என்ன ஆகும்? சில வெள்ளி அதிகம் கொடுத்து ரிவெட் இல்லாத வகையை வாங்குவது நல்லது.

எக்ஸாஸ்ட்: அழகா, அமைதியா?

பலருக்கு முதல் ஆசை பளபளக்கும் குழாய் மேனிஃபோல்டு. எம்ஜிபியின் அசல் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு நல்ல வடிவமைப்பு. அன்றாட ஓட்டத்துக்கு அது தாராளமாகப் போதும். குழாய் வகையில் கூடும் சக்தி கொஞ்சம்தான். ஆனால் கார்புரேட்டர் அருகே வெப்பம் கூடும். நம் ஊர் வெயிலில், நெரிசலில் நிற்கும் காருக்கு அது நல்லதல்ல.

இன்னொன்றும் உண்டு. இந்த என்ஜினில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து, ஒரே கேஸ்கெட்டையும் சில போல்ட்டுகளையும் பகிர்ந்துகொள்கின்றன. தடித்த வாஷர் ஒன்று இரண்டின் விளிம்பையும் சேர்த்து அழுத்துகிறது. விளிம்புகளின் தடிமன் வேறுபட்டால் ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் கசியும். கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் காரில் இதில் விளையாடக்கூடாது. வாங்குமுன் இரு விளிம்புகளையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பின்னால் போகும் குழாய்க்கும் சைலன்சருக்கும் இரண்டு தேர்வுகள். சாதா எஃகு மலிவு, சத்தமும் மென்மை. ஆனால் குறைந்த தூரமே ஓடும் காரில் உள்ளே நீர் தேங்கி, அது உள்ளிருந்தே துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு நீண்ட காலம் உழைக்கும், ஆனால் சில வகைகளில் சத்தம் தகரம் தட்டுவதுபோல் இருக்கும். ஒலியை நம்பிப் பிழைக்கும் என்னைக் கேட்டால், அதே சைலன்சர் மாட்டிய வேறொரு காரைக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கடைசியாக, புதிய பாகத்தை மாட்டியதும் பழையதைக் குப்பையில் போடாதீர்கள். பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி, துடைத்து, ஒரு பெட்டியில் வையுங்கள். புதியது ஏமாற்றினால், எடையையும் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் அசல் இருக்கும்.