களத்து நெல்லும் முன்னோர் தொழிலும்

இங்கிலாந்தில் ஒருவன் தன் முப்பாட்டன் தச்சனா, தட்டானா என்றறிய விரும்பினால், தொழில் பழகச் சேர்ந்த பிள்ளைகளின் ஒப்பந்தப் பத்திரங்களுக்கு அந்நாட்டுச் சர்க்கார் 1710இல் வரி விதித்ததன் பயனாக, குருவின் பெயர், தொழில், கொடுத்த தொகை ஆகியவற்றைக் கிரமமாக எழுதிவைத்த பேரேடுகள் அவனுக்குக் கிடைக்கும். நம் செங்கற்பட்டுப் பக்கத்திலோ, பெரும்பாலும் தகப்பனே குருவாகவும் வீடே பட்டறையாகவும் இருந்தபடியால், மகன் உளி பிடித்ததற்குப் பத்திரம் எழுதுவார் இல்லை. ஆயினும், அவன் கூலியாக எத்தனை மரக்கால் நெல் பெறவேண்டும் என்பதைக் கணக்குப்பிள்ளை ஓலையில் எழுதியே வைத்தார். வித்தையின் கணக்கைவிட வயிற்றின் கணக்குக்கு ஆயுள் அதிகம் போலும்!

ஆர்க்காட்டு நவாபு 1763இல் கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு ஜாகீராகக் கொடுத்த இப்பிரதேசத்தை, பார்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை அளந்து, ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களின் விவரங்களைத் திரட்டினார். களத்தில் குவித்த நெற்பொலியைப் பங்கு பிரிக்குமுன் தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், வெட்டியான் என்று ஊருக்கு உழைத்தவர்களுக்கெல்லாம் எடுத்துவைத்த மேரை என்னும் நெற்பங்கும், அவர்கள் அனுபவித்த மானிய நிலமும் அக்கணக்குகளில் காணப்படுகின்றன. ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஆங்கிலச் சுருக்கம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்குகள் நூலாகவே வெளிவந்துவிட்டன.

ஓலைக்கும் முற்பட்ட சாட்சி ஒன்று மாமல்லபுரத்துக்கு அருகே பூஞ்சேரியில், நொண்டி வீரப்பன் தொட்டில் என்னும் பாறையில் இருக்கிறது. அரசனின் விருதுப்பெயர்களே நிறைந்த அக்கடற்கரையில், கேவாத பெருந்தச்சன், கொல்லன் சேமகன் முதலிய தொழிலாளிகளின் பெயர்கள் பல்லவர் காலத்து எழுத்தில் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. மெய்க்கீர்த்தியும் இல்லை, வம்சாவளியும் இல்லை. பெயரும் தொழிலும் மட்டுமே. கல் தச்சனோடு கொல்லனும் இடம்பெற்றது ஏன் என்று வினவலாம். கருங்கல்லில் அடிக்க அடிக்க உளியின் முனை மழுங்கும். அதை உலையில் காய்ச்சித் தட்டிப் பதமேற்றித் தர ஒருவன் அருகிலில்லாவிடில் மறுநாள் வேலை நின்றுபோகும். இதனாலேயே அவன் பெயரும் ஏறியிருக்கவேண்டும் என்பது என் ஊகம்.

அதே மாமல்லபுரத்தில் 1957இல் அரசினர் சிற்பப் பயிற்சி நிலையம் ஏற்பட்ட பின்னர், கல் வேலை பழகுவோர் பள்ளிப் பிள்ளைகளைப்போலப் பதிவேட்டில் ஏறலாயினர். அதற்கு முந்திய தலைமுறைகளைத் தேடுவோர், மானிய நிலங்களை விசாரிக்க 1858இல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகளையும் பார்ப்பது நலம். ஊழிய மானியங்கள் யாருக்கு எந்தத் தொழிலின் பேரில் விடப்பட்டன என்பது அவற்றில் ஊர்வாரியாகக் கிடைக்கும். காப்பகத்துக்குப் போகிறவர்கள் பாட்டனின் பெயரை மட்டும் சொல்லி நிற்கவேண்டாம். ஊரின் பழைய பெயரையும் அது சேர்ந்திருந்த தாலுகாவையும் வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.