பந்தயத்திற்குப் புறப்படும் மோட்டார் சைக்கிள்

அவிசாவளையிலிருந்து அட்டன் வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் பெருவீதி எங்கள் ஊராகிய கரவனெல்லவை ஊடறுத்துச் செல்கின்றது. ஒரு பக்கம் களனி கங்கை, மறுபக்கம் இறப்பர்த் தோட்டங்கள். சித்திரை மாதம் பிறந்துவிட்டால், வசந்த காலத்தைக் கழிக்க மலைக்கு ஏறும் வாகனங்களிடையே சிறு லொறிகள் சிலவும் வரும். அவற்றின் மேலே கயிற்றால் இறுகக் கட்டப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். விளக்கு இராது, கண்ணாடி இராது, முன்புறத்தில் ஓர் இலக்கம் மட்டும் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் அவற்றைக் கண்டால் மதில்மேல் ஏறிவிடுவார்கள். அவர்களை இறக்கி வகுப்புக்கு அனுப்புவது என் கடமைகளுள் ஒன்றாகவே பல ஆண்டுகள் இருந்துவந்தது.

அந்த லொறிகள் எங்கே போகின்றன? நுவரெலியாவுக்கு அருகே மகாகஸ்தோட்ட என்னும் தேயிலைத் தோட்டம் உண்டு. அங்குள்ள வளைந்தேறும் வீதியில் 1934 ஆம் ஆண்டு இலங்கை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் ஒரு மலையேற்றப் போட்டியைத் தொடங்கினர். இதில் பலர் சேர்ந்து ஓடுவதில்லை. ஒருவர் பின் ஒருவராக மேலே ஏறுவர், கடிகாரமே எதிராளி. வட்டப் பாதையில் ஒன்றாக ஓடும் பந்தயம் வேறு. களுத்துறைக்கு அருகே, இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானியக் கடற்படையினர் அமைத்த கட்டுக்குருந்த விமான ஓடுபாதையில் அவ்வகைப் பந்தயங்கள் நடந்துள்ளன. இதே கதைதான் தமிழ்நாட்டிலும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் யுத்தத்தின்பின் வெறுமையாகக் கிடந்த ஓடுபாதையிலேதான் அந்நகரத்து மோட்டார்ப் பந்தயம் வளர்ந்தது. 1990 ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே ஒரு பாதை எழுந்தது. குண்டு வீசப் போட்ட பாதைகள் இளைஞரின் விளையாட்டுக்கு உதவின என்பது சரித்திர பாடம் கற்பித்த எனக்குச் சிறிது மகிழ்ச்சியைத் தரும் செய்தி.

இத்தகைய பந்தயங்களில் ஓடுவோர் பெரும்பாலும் அதனால் வயிறு வளர்ப்பவர்கள் அல்லர். கராஜில் வேலை செய்பவர், கடை வைத்திருப்பவர், படையில் இருப்பவர் எனப் பலவகையினர். சொந்தக் காசைச் செலவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஓடி, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகின்றவர்கள். அத்தகைய ஒருவன் இரண்டு காரியங்களைச் செய்தாக வேண்டும். வண்டியை ஆயத்தஞ் செய்ய வேண்டும். அதற்குப் பணம் தேட வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு காரியங்கள் என்றே நானும் எண்ணியிருந்தேன்.

என் பழைய மாணவன் ஒருவன் ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தான். தாய் தோட்டத்தில் பால் வெட்டுபவர். இவன் க.பொ.த. சாதாரண தரத்தோடு நின்று, பட்டணத்துக் கராஜ் ஒன்றில் வேலை பழகி, நல்ல கைவேலைக்காரன் எனப் பெயர் எடுத்தவன். "சேர், ஒரு கடிதம் எழுதித் தர வேணும்" என்றான். பந்தயத்தில் ஓட விரும்புகிறானாம். அனுசரணை கேட்டு நாலைந்து கடைகளுக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் வேண்டுமாம். கிடையாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய தாய்க்கு அவ்வாண்டு ஐம்பது வயது நிறைகின்றது. ஊழியர் சேமலாப நிதி கைக்கு வரும். அந்தப் பணத்தின்மேல் அவன் கண் விழுந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் விடியற்காலையில் மரத்துக்கு மரம் ஏறி இறங்கிச் சேர்ந்த பணம் அது. அதைத் தொடுவதில்லை என்று வாக்குத் தந்தால் கடிதம் எழுதுகிறேன், அதற்கும் முன்னே வண்டியைக் காட்டு என்றேன்.

வண்டி பழைய 125 சீ.சீ. மோட்டார் சைக்கிள். 2020 இல் வந்த வாகன இறக்குமதித் தடை 2025 இல் நீங்கும்வரை பழைய வண்டிகளின் விலை ஏறியபடியே இருந்ததை நேயர்கள் அறிவீர்கள். அவனும் அதை மிக வருந்தியே வாங்கியிருந்தான். எஞ்சினைக் கழற்றிப் புதுப்பித்து இன்னும் எவ்வளவு வேகம் கூட்டலாம் என்பதே அவன் பேச்சாக இருந்தது. ஆனால் பந்தயத்துக்கு முன் வண்டிகளைப் பார்க்கும் பரிசோதகர் கேட்பது வேகத்தைப் பற்றியன்று. இது உடைந்தால் எது சிதறும்? விழுந்தால் யாரைக் குத்தும்? எண்ணெய் சிந்தினால் பின்னால் வருபவன் கதி என்ன? இவையே அவருடைய கேள்விகள்.

ஆகவே முதல் வேலை கழற்றுதல். விளக்குக் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, சமிக்ஞை விளக்கு, நிறுத்தும் கால், பின்னிருப்பவர் கால்வைக்கும் தண்டு யாவும் போக வேண்டும். அடுத்தது கம்பி கட்டுதல். எஞ்சின் அதிர்வில் ஆணிகள் தளரும். எண்ணெய் வடிக்கும் ஆணி ஓடும்போது கழன்று விழுந்தால், சூடான எண்ணெய் அவனுடைய பின்சக்கரத்திலேயே முதலிற் படும். பிறகு பாதையிற் படும். அதற்காக ஆணித் தலையில் நுண்ணிய துளையிட்டு, மெல்லிய உருக்குக் கம்பியைக் கோத்து, முறுக்கி, அசையாத ஓரிடத்தோடு கட்டுவார்கள். கட்டும் திசை முக்கியம். கம்பி ஆணியை இறுக்கும் பக்கமாக இழுக்க வேண்டும். மாறிக் கட்டினால் கட்டியும் பயனில்லை. எண்ணெய் ஊற்றும் மூடிக்கும், பிறேக்கைத் தாங்கும் ஆணிகளுக்கும் இதே முறைதான். என் மாணவன் ஒரு மாலை முழுவதும் இருந்து ஏழு ஆணிகளுக்குத் துளையிட்டான். நான்கு துளைக்கும் ஊசிகள் முறிந்தன. எஞ்சினை விடப் பொறுமையைச் சோதிப்பது இந்தக் கம்பி வேலை என்றான்.

எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக எண்ணெய் கக்கினால் அதை ஏந்த ஒரு சிறு கலம் வேண்டும். நீரினாற் குளிரும் வண்டியானால் உறைதடுப்புத் திரவத்தை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அத்திரவம் பாதையிற் சிந்தினால் சவர்க்காரம் போல வழுக்கும். கைப்பிடியை விட்டவுடன் பெற்றோல் வாயில் தானாக மூடிக்கொள்ள வேண்டும். கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமலே எஞ்சினை நிறுத்தும் ஆளி வேண்டும். பிறேக் நெம்புகோலின் நுனி உருண்டையாக இருக்க வேண்டும். முறிந்த கூர்நுனியோடு ஓடுபவன் ஈட்டி பிடித்து ஓடுகின்றான்.

பிறேக் திரவத்தைப் பற்றி ஒரு சொல். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் நான்கு என விற்கப்படும் வகை புதியதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியசிலேதான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 பாகை வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி உண்டாகும், குமிழி நசியும், பிறேக் பிடிக்காது. சப்ரகமுவவின் மழையும் ஈரமும் எப்படிப்பட்டவை என்பதைப் பூஞ்சணம் பிடித்த எங்கள் பாடசாலை வரவுப் பதிவேடுகளைக் கேட்டால் சொல்லும். பந்தயத்துக்கு முன் இத்திரவத்தை முழுதாக மாற்றுவது மிகச் சொற்பச் செலவு. ஆயினும் பலர் மறப்பது அதைத்தான்.

இனி ஒரு கணக்கு. எஞ்சின் பக்கத்துப் பற்சக்கரத்தில் 14 பற்கள், பின்சக்கரத்தில் 42 பற்கள் என்றால் விகிதம் 3. பின்சக்கரத்துக்கு 45 பற்கள் உள்ளதை மாற்றினால் விகிதம் 3.21 ஆகும். மலையேற்றத்தில் இழுவை கூடும். உச்ச வேகம் நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு பங்கு குறையும். மகாகஸ்தோட்ட போன்ற வளைவு மிகுந்த ஏற்றத்துக்கு இது ஏற்றது. நீண்ட நேர்ப்பாதைக்கு ஏற்றதன்று. எஞ்சினைத் திறவாமல், ஒரு பற்சக்கரத்தின் விலையோடு வண்டியின் குணமே மாறிவிடுகின்றது. எட்டாம் வகுப்பில் விகிதசமம் எதற்கு என்று இவன் என்னைக் கேட்டதுண்டு. அன்று எனக்கு நல்ல விடை தெரிந்திருக்கவில்லை.

வீட்டுக் கொட்டகையில் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு நியூசிலாந்தில் ஒரு பெரியவர் இருந்தார். பேட் மன்றோ என்பது பெயர், ஊர் இன்வர்கார்கில். 1920 ஆம் ஆண்டு இந்தியன் ஸ்கவுட் மோட்டார் சைக்கிள் ஒன்றை அரை நூற்றாண்டுக்கு அண்மிய காலம் தாமே திருத்தி வந்தார். பிஸ்ரன்களைக்கூடப் பழைய உலோகத்தை உருக்கித் தம் கையால் வார்த்தார். 1967 இல், தமது 68 ஆம் வயதில், அமெரிக்காவின் பொன்வில் உப்புச் சமவெளியில் அதை மணிக்கு 295 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டினார். இக்கதையை நான் சொன்னபோது என் மாணவனின் கண்கள் விரிந்தன. அவர் எத்தனை முறை விழுந்து அடிபட்டார் என்பதையும் வாசி என்று சொல்லி வைத்தேன்.

ஏனெனில் அச்சம் எனக்கு உண்டு. 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் நாள் தியத்தலாவையில் நடந்த பந்தயத்தில் ஒரு கார் பாதை விலகிப் பார்வையாளர் மத்தியிற் பாய்ந்தது. 7 பேர் மாண்டனர், அவர்களுள் ஒரு சிறுமியும் ஒருத்தி. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் ஊரில் பந்தயம் என்ற சொல்லையே எவரும் விரும்பவில்லை. ஆனால் ஒழுங்கான பந்தயம் இல்லாவிட்டால் இளைஞர் சும்மா இருப்பார்கள் என்று எண்ணுவதும் தவறு. பொது வீதியில், இரவில், பஸ்களுக்கும் நாய்களுக்கும் இடையே தலைக்கவசமின்றி ஓடிப் பார்ப்பவர்களை நான் அறிவேன். ஒருவனுடைய மரணச் சடங்கில் நான் பேசியுமிருக்கிறேன். பாதையை மூடி, பரிசோதகரை வைத்து, வைத்தியரை நிறுத்தி நடத்தும் ஓட்டம் அதனினும் நூறு மடங்கு மேலானது. ஆகவே கையிலுள்ள காசு முதலில் தலைக்கவசத்துக்கும், தோலுடைக்கும், கையுறைக்கும் போக வேண்டும். அடுத்து டயருக்கும் பிறேக்குக்கும். எஞ்சின் கடைசி. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்தது. மலிவாகக் கிடைக்கின்றதே என்று பழைய டயரை வாங்குவோர் அந்த இலக்கத்தைப் பார்த்து வாங்குக.

இப்பொழுது பணத்துக்கு வருவோம். பிறர் உதவி பெற்றால் ஒருவன் பொழுதுபோக்கு வீரனா, தொழில்முறை வீரனா? இந்தக் கேள்வி புதிதன்று. ஐரிஷ் கடலிலுள்ள மான் தீவில் 1907 முதல் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயம் நடைபெற்று வருகின்றது. கம்பனிகளின் ஆட்களோடு மோத முடியாதவர்களுக்கென 1923 இல் அங்கே தனிப் போட்டி ஒன்று தொடங்கினர். ஆனால் யார் உண்மையில் கம்பனி உதவி பெறாதவர் என்பதை வரையறுப்பதற்குள் அமைப்பாளர் களைத்துப் போயினர். 1930 இல் போட்டியின் பெயரிலிருந்தே அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, மான்க்ஸ் கிறான்ட் பிறி எனப் பெயரிட்டனர். ஒரு கடைக்காரர் ஒரு சங்கிலியைக் கொடுத்தால் விளையாட்டு கெட்டுவிடாது என்பதே என் துணிபும்.

நான் எழுதிய முதற் கடிதம் படுதோல்வி. அரசாங்க உத்தியோகத்தனின் பழக்கத்தால் அதை மனுவாகவே எழுதிவிட்டேன்: வறிய குடும்பம், திறமையுள்ள பிள்ளை, தயைகூர்ந்து உதவுக. ஐந்து கடைகளுக்குப் போயிற்று. ஒரு முதலாளி ஐந்நூறு ரூபாவை உறையிலிட்டு அனுப்பினார். மற்றவர்கள் அதுவும் இல்லை. அந்த ஐந்நூறும் பிச்சையாக வந்தது என்று அவன் மனம் நொந்தான். பிழை என்னுடையது. வியாபாரியிடம் வியாபாரமாகப் பேசாமல் இரக்கத்தைக் கேட்டிருந்தேன்.

இரண்டாம் கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்துக்குள் எழுதினோம். எந்தப் போட்டி, எந்த நாள், எந்த வகுப்பு என்பது முதல் வரி. இதுவரை அவன் தன் செலவில் முடித்த வேலைகள் அடுத்தது. கம்பி கட்டிய ஆணிகளின் படம் ஒன்றையும் இணைத்தோம். தேவையானவற்றைப் பணமாகக் கேளாமல் பொருளாகவே விலையோடு வரிசைப்படுத்தினோம்: ஒரு சங்கிலி, ஒரு பற்சக்கரம், இரண்டு டயர்கள், எண்ணெய், நுழைவுக் கட்டணம், லொறிக் கூலி. எந்தக் கடைக்கு எது எளிதோ அதை மட்டும் அக்கடையிடம் கேட்பது. பதிலுக்கு என்ன தருவோம் என்பதும் அளவோடு எழுதப்பட்டது: வண்டியின் பக்கத்தில் இத்தனை அங்குலத்தில் கடையின் பெயர், பந்தயத்துக்கு முந்திய சனிக்கிழமை கடை வாசலில் வண்டி நிற்கும், முடிந்த பத்து நாளுக்குள் படமும் செலவுக் கணக்கும் வரும். வெற்றி பெறுவேன் என்று ஒரு சொல்லும் எழுதக் கூடாது என்று தடுத்தேன். பத்திரமாக ஓடி முடிப்பேன் என்பதுகூட வாக்குறுதி அன்று, முயற்சியே.

ஊரில் பணப் புழக்கமுள்ள இடம் மதுக்கடை. அவன் அங்கேயும் கேட்கலாமா என்றான். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி மதுபானத்துக்கும் புகையிலைக்கும் விளம்பரமும் அனுசரணையும் இந்நாட்டில் தடை என்பதைச் சொன்னேன். சட்டம் இல்லாதிருந்தாலும் என் கையால் அந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். தோட்டத்துச் சம்பள நாளைக் கண்டவர்களுக்குக் காரணம் தெரியும்.

பதினொரு கடிதங்களுக்கு மூன்று கடைகள் இசைந்தன. உதிரிப்பாகக் கடைக்காரர் கடிதத்தைவிட அந்தப் படத்தையே நெடுநேரம் பார்த்தாராம். "இதைக் கட்டினது யார் தம்பி?" என்று கேட்டு, தானே என்று இவன் சொன்னதும், சங்கிலியையும் பற்சக்கரத்தையும் மேசைமேல் எடுத்து வைத்தாராம். பரிசோதகர் கேட்பதும் கடைக்காரர் கேட்பதும் ஒரே கேள்வி என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று. இவனை நம்பலாமா? பாடசாலையில் நற்சான்றுப் பத்திரம் எத்தனையோ எழுதிக் கொடுத்திருக்கிறேன். முறுக்கிய கம்பியைப் போல எதுவும் பேசியதில்லை.

பந்தய நாளன்று முதற் பரிசோதனையில் வண்டி தவறியது. எண்ணெய் ஊற்றும் மூடியின் கம்பி எதிர்ப்பக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. அரை மணி நேரத்தில் திருப்பிக் கட்டி இரண்டாம் முறை தேறினான். அவனுடைய வகுப்பில் நடுவிலும் சற்றுக் கீழே ஓர் இடம் கிடைத்தது. ஒன்பதாம் நாள், செலவுக் கணக்கைப் பிரதியெடுத்து மூன்று கடைகளுக்கும் கொண்டு சென்றான். லொறிக் கூலியில் 640 ரூபா மிஞ்சியிருந்ததைத் தந்தவரிடமே திருப்பிக் கொடுத்தான். அவனுடைய தாயின் சேமலாப நிதி வந்த மாதத்தில் அவர்கள் வீட்டுக் கூரைத் தகரம் மாற்றப்பட்டது. தகரம் ஏற்றி வந்தது பந்தய வண்டியை ஏற்றிச் சென்ற அதே லொறிதான்.