மூன்றாவது நாடாவை எறிவது யார்?



காஞ்சிபுரம் செல்லும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களை முடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன. காந்தி சாலையிலுள்ள பட்டுக் கடைகளில் ஏறி இறங்கிக் கல்யாணப் புடவையை எடுப்பது ஒன்று. வெயில் ஏறுமுன் கோபுரங்களை அண்ணாந்து பார்த்துப் பிள்ளைகளுக்குப் பல்லவர் கதையைச் சொல்வது மற்றொன்று. எடுத்த புடவை எங்கே உருவாயிற்று என்று கேட்பவர் சிலரே. அவ்வாறு கேட்பவர் நகரின் மேற்குப் பக்கமாகச் சற்று நடக்கவேண்டும். இராசசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கயிலாசநாதர் கோயில் நிற்கும் பகுதியே பிள்ளையார்பாளையம். கோயிலைப் பார்க்க வண்டியில் வருவோர் இத்தெருக்களின் வழியாகவேதான் போகிறார்கள், ஆனால் இறங்குவதில்லை.

முன்பின் அறியாத வீட்டின் கதவைத் தட்டித் தறியைக் காட்டுங்கள் என்று கேட்க யாருக்கும் கூச்சமாகவே இருக்கும். ஆகவே தேநீர்க் கடையிலிருந்து தொடங்குவது நலம். நெசவுத் தெருவின் தேநீர்க் கடை வெறும் கடை அன்று. அது ஒரு தொழில் அலுவலகம். யாருடைய பாவு முடிந்தது, யாருக்குப் பாவு பிணைக்க ஆள் வேண்டும், எந்தச் சாயப் பட்டறையில் மயில்கழுத்து நிறம் சரியாக ஏறுகிறது, எந்த முதலாளி கூலியை இழுத்தடிக்கிறார் என்பனவெல்லாம் அங்கே ஒரு கண்ணாடிக் குவளைத் தேநீர் ஆறுவதற்குள் தெரிந்துவிடும். பக்கத்துப் பெட்டியில் பொறையும் பன்னும் இருக்கும். தறியில் அமர்ந்தவர் எழுந்து வருவதற்கு அதுதான் காரணம். பேசுவதற்கும் அதுதான் காரணம். நாம் அமைதியாக அமர்ந்து, பட்டு வாங்க வரவில்லை, பார்க்க வந்தோம் என்று சொன்னால், பெரும்பாலும் யாரேனும் ஒருவர் தாமாகவே நம்மை அழைத்துச் செல்வார். (இந்நகருக்குப் பேர்போன இட்லியைத் தேடுவோர் வரதராசப் பெருமாள் கோயில் பக்கம் போகவேண்டும். மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்த மாவை மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி ஊற்றி வேகவைப்பது அது.)

அந்தத் தெருக்களில் நாம் காண்பது ஒரு பெரிய ஆலை பல வீடுகளாகப் பிரிந்து கிடப்பது போன்ற காட்சி. ஒரு வீட்டில் இராட்டையில் பட்டு இழை சுற்றுகிறார்கள். மற்றொரு வீட்டுக் கொல்லையில் சாயக் கொப்பரை கொதிக்கிறது. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, சிக்கெடுத்துக் கஞ்சி ஏற்றுகிறார்கள். பட்டு பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை குசராத்தின் சூரத்திலிருந்து வருகிறது. அதைச் செய்வதற்கென்றே 1971ஆம் ஆண்டில் தமிழக அரசு காஞ்சிபுரத்திலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. சிவப்புப் பட்டிழையின்மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே மரபான ஜரிகை. அதன் முனையைச் சற்றுச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவந்த பட்டிழை தெரியவேண்டும். கல்யாணப் புடவை எடுக்கும் தாய்மார் இதை மறவாதிருப்பது நல்லது.

வடிவம் வரைபவரைக் காண்பதே எனக்கு மிகுந்த வியப்பைத் தந்தது. கட்டம் போட்ட தாளில் ஒரு மயிலை வரைகிறார். அது ஓவியர் வரையும் மயில் அன்று. ஒவ்வொரு கட்டமும் பாவிழையும் ஊடையிழையும் சந்திக்கும் ஓர் இடம். எந்தக் கட்டத்தில் ஜரிகை மேலே வரவேண்டும், எதில் மறையவேண்டும் என்று கணக்கிட்டு நிறந்தீட்டுகிறார். அன்னம், யாளி, இருதலைப் பட்சி, உருத்திராட்சம், மல்லிகை மொக்கு, கோபுரக் கரை என்று இவருடைய சொற்களஞ்சியம் பெரிது. யாளியைத் தேட இவர் நூலகம் போகவேண்டியதில்லை; கயிலாசநாதர் கோயில் தூண்களில் அது வரிசையாக நிற்கிறது. வரைந்த தாளைப் பார்த்து வேறொருவர் அட்டைகளில் துளையிடுகிறார். ஊடை ஒரு முறை ஓடுவதற்கு ஓர் அட்டை. இவ்வட்டைகளைச் சங்கிலிபோல் கோத்துத் தறியின் மேலுள்ள பெட்டியில் தொங்கவிட்டால், துளை உள்ள இடத்தில் இழை எழும்புகிறது. இல்லாத இடத்தில் படுத்திருக்கிறது.

இந்தப் பெட்டிக்கு ஜக்கார்டு என்று பெயர். பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவரான ஜோசப் மரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் உருவாக்கியது. அதற்கு முன் காஞ்சியில் ‘அடை’ என்னும் நூல்கட்டு முறையால் இதே வேலையைக் கையால் செய்துவந்தார்கள். ஜக்கார்டின் துளை அட்டையைக் கண்டே ஆங்கிலேயக் கணித அறிஞர் பாபேஜ் தம் கணிப்பொறிக்கும் அட்டைகளைப் பயன்படுத்த எண்ணினார். இன்று வடிவங்களைப் பெரும்பாலும் கணினியில் வரைகிறார்கள் என்றால், கணினி தன் தாய்வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது என்றே கொள்ளலாம். தாய்வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் வேலை குறைந்துவிட்டது.

இந்தக் கலைஞர்களின் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. திருமணம் முடிந்ததும் கோயில் பதிவேட்டில் மணமக்கள் கையெழுத்திடுகிறார்கள், சாட்சிகள் இருவர் இடுகிறார்கள், குருவும் இடுகிறார். மணமகள் உடுத்தியிருக்கும் புடவையில் மட்டும் எவர் கையெழுத்தும் இல்லை. கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் நெசவாளரின் படமும் பெயரும் கொண்ட அட்டையைப் பட்டுப் புடவைகளோடு சேர்த்துக் கொடுத்தது பாராட்டத்தக்க செயல். எனினும் வடிவம் வரைந்தவர் அதிலும் இல்லை. அவர் வரைந்தது நன்றாக விற்றால் அதைப் படமெடுத்து விசைத்தறியில் இறக்கிவிடுகிறார்கள். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும், 2005-06இல் காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் இருக்கின்றன. சட்டம் ஏட்டில் இருப்பது வேறு, சந்தையில் இருப்பது வேறு.

இனி, தறியண்டை வருவோம். காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. உடல் ஒரு நிறம், இருபுறக் கரையும் வேறு நிறம் என்று நெய்யும்போது மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு. கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்புகின்றன. துணி கிழிந்தாலும் கரை பிரியாது என்று பெருமையாகச் சொல்வார்கள். முந்தானை வேறு நிறமாயின் ‘பேட்னி’ என்னும் முறையில் பாவிழை ஒவ்வொன்றையும் புதிய நிறத்து இழையோடு இணைக்கிறார்கள். கரையின் நிறத்தில் உடல் நிறம் சற்றும் கலவாமல் தூய்மையாக இருந்தால் அது கோர்வை என்று அறியலாம். ஒரே நாடா ஓரம்வரை ஓடியிருந்தால் கரையில் உடலின் சாயல் படிந்திருக்கும்.

மூன்று நாடாவை ஒருவர் தனியே எறிய இயலாது. நெசவாளர் இரண்டை எறிகிறார். மறு கரையின் நாடாவை எறிய அவர் அருகே இன்னொருவர் அமரவேண்டும். பல்லாண்டுகளாக அந்த இடத்தில் அமர்ந்தது பெரும்பாலும் ஒரு குழந்தை. சொந்தப் பிள்ளையாக இருந்தால் வீட்டு வேலை என்றார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருந்தால் பெற்றோர் முன்பணம் வாங்கியிருந்தார்கள். அது தீரும்வரை பிள்ளை தறியை விட்டு எழ முடியாது. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட சிறார்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. நம் வீட்டுப் பெரியவர்களின் பெட்டிகளில் இன்றும் மடிப்புக் கலையாமல் இருக்கும் கோர்வைப் புடவைகளை நினைத்துப் பாருங்கள். அவற்றின் ஒரு கரையை எறிந்த கை எத்தனை வயதுடையது என்பதை நாம் யாரும் கேட்டதில்லை.

அரசும் தொண்டு நிறுவனங்களும் முயன்று அப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பின. இதில் மகிழாதவர் எவரும் இருக்க முடியாது. ஆயினும், 1986ஆம் ஆண்டுச் சட்டத்தை 2016இல் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் குழந்தைகள் உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஊரில் அவ்வாசல் மிக அகலமானது என்பது என் கருத்து.

குழந்தை எழுந்த இடத்தில் இன்று அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் மனைவி. சமையலை முடித்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு அமர்கிறார். அவருக்கெனத் தனிக்கூலி கிடையாது. புடவைக்குப் பேசிய கூலியில் அது அடக்கம். வேறு ஆள் வைத்தால் அக்கூலியிலிருந்தே பங்கு கொடுக்கவேண்டும். இதனால் கோர்வையை விட்டுவிட்டு ஒரே நாடாவில் நெய்வோர் பெருகிவிட்டார்கள். மகன்களோ திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. குழியில் கால் வைக்க வேண்டியதில்லை. 2006இல் திறந்த நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டதைக் கண்ட பின்னும் தந்தைமார் மகன்களைத் தறிக்கு அழைக்கவில்லை. அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை.

லியோன் நகரிலும் பட்டு நெசவாளர் வாழ்ந்த குன்று ஒன்று உண்டு. கூலி உயர்வு கேட்டு 1831இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நம் பங்குகளில் இயங்கும் வின்சென்ட் தெ பால் சபையைத் தொடங்கிய அருளாளர் ஒசானாம் வளர்ந்த நகரம் அதுவே. இன்று அக்குன்றுக்குப் போகிறவர்கள் அருங்காட்சியகத்தில் தறியைப் பார்க்கிறார்கள். பிள்ளையார்பாளையத்தில் தறி இன்னும் வீட்டில் இருக்கிறது. அதன் ஓசையைத் தெருவிலிருந்தே கேட்கலாம். சென்னையில் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தில் 1937ஆம் ஆண்டில் தறி போட்டு மரபான வடிவங்களை மீட்டதுபோல, நல்ல வடிவத்துக்கு ஏற்ற விலை கொடுக்கும் வாடிக்கையாளர் இருந்தால் கோர்வை நிற்கும். அந்த விலையில் இரண்டாவது ஆளின் கூலியும் தனியாக எண்ணப்படவேண்டும்.

ஆகவே கல்யாணப் புடவை எடுக்கப் போகும் குடும்பத்தார் கடைக்குப் போகுமுன் ஒரு காலைப்பொழுதை இத்தெருக்களுக்கு ஒதுக்குங்கள். மணப்பெண்ணையும் அழைத்துச் செல்லுங்கள். பின்னர் கடையில், இது கோர்வையா, பட்டு முத்திரை உண்டா என்பதோடு, இரண்டு பேர் அமர்ந்து நெய்ததா, அவ்விருவருக்கும் கூலி கொடுத்தீர்களா என்றும் கேளுங்கள். பட்டு முத்திரை 2004 முதல் வழங்கப்படுகிறது. அது பட்டுக்குச் சான்று, கூலிக்குச் சான்று அன்று. கடைக்காரர் முதலில் திகைப்பார். பத்துக் குடும்பங்கள் கேட்டால் பதிலைத் தயாராக வைத்திருப்பார்.

ஐப்பசி, கார்த்திகையில் போகவேண்டாம். மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறிவிடும். வேலை நிற்கும், வருமானமும் நிற்கும். அந்நாள்களில் விருந்தினரை வரவேற்க வீட்டாருக்கு மனம் இராது. தை பிறந்தபின், காலை ஏழு மணிக்குள் சென்றால், தெருவில் பாவு நீட்டுவதையும் காணலாம். அதைத் தாண்டி நடக்காமல், ஓரமாகச் சுற்றிச் செல்லுங்கள்.