காவேரி கடற்காவல் புரிந்த கதை

மேட்டூரில் மதகு திறந்தால் மோகனூரில் மனம் குளிரும். பவானியையும் பள்ளிபாளையத்தையும் கடந்து, ஜேடர்பாளையத்து வாய்க்காலுக்கும் பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் உயிர் கொடுத்துக்கொண்டு செல்லும் காவேரியைச் சேலம், நாமக்கல் சமவெளி மக்கள் தாயென்றே போற்றுகிறார்கள். ஆடிப் பதினெட்டன்று அவளுக்குப் பூவும் காதோலையும் இடாத கரையூர் இல்லை. ஆனால் அந்தத் தாயின் பெயரைத் தாங்கிய யுத்தக் கப்பல் ஒன்று இரண்டாவது உலக மகாயுத்தத்தில் இந்து மகா சமுத்திரத்தில் காவல் புரிந்தது என்பது அக்கரையூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றே நாம் அஞ்சுகிறோம்.

சேலத்திலிருந்து எந்தத் திசையில் சென்றாலும் கடலைக் காண நூறு மைலுக்குமேல் போக வேண்டும். ஆகவே, கடற்போர் என்பது கடற்கரைக்காரர் விவகாரம், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று உள்நாட்டார் நினைப்பது இயல்பே. அவ்வெண்ணம் எவ்வளவு தவறானது என்பதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டிச் சாரியும் கப்பற்சாரியும்

லாரிகள் வருமுன் நமது சமவெளியில் பாரம் ஏற்றிய மாட்டு வண்டிகள் இரவில் தனித்துச் செல்வதில்லை. நெல்லும் பருத்தியும் நிலக்கடலையும் ஏற்றிச் செவ்வாய்ப்பேட்டைக்குப் புறப்படும் வண்டிகள், அச்சுக்கடியில் லாந்தர் கட்டி, ஒன்றன்பின் ஒன்றாகச் சாரியாகவே செல்லும். தடியேந்திய காவலாள் முன்னும் பின்னும் நடப்பான். கள்ளர் பயம் உள்ள இடத்தில் சாரி நெருங்கிக்கொள்ளும். மிகவும் தளர்ந்த மாடு எவ்வளவு வேகம் போகுமோ அவ்வளவே சாரியின் வேகம்.

கடலிலும் இதே முறைதான். சரக்குக் கப்பல்கள் பலவற்றை ஒன்றுசேர்த்துச் சாரியாக அனுப்புவார்கள். அவற்றுள் மெதுவான கப்பலின் வேகமே எல்லாவற்றுக்கும் வேகம். சுற்றிலும் துணைக்காவல் கப்பல்கள் செல்லும். பகைவனைத் தேடிச் சென்று போரிடுவது இக்காவலரின் தொழிலன்று. சாரியை விட்டு அகலாமல், அதைக் கரைசேர்ப்பதே அவர்கள் தொழில். பெரிய போர்க் கப்பல்களுக்கு வெற்றி முரசு கொட்டுவார்கள். துணைக்காவல் கப்பலின் வெற்றியோ வேறு வகையானது. ஒன்றும் நேரவில்லை என்பதே அதன் வெற்றி. நேராத காரியத்துக்கு யார் முரசு கொட்டுவார்?

காவேரியின் பிறப்பு

1939-ம் வருஷம் யுத்தம் மூண்டபோது இந்தியக் கடற்படையிடம் இருந்த போர்க் கப்பல்கள் பத்துக்கும் குறைவு. மூவாயிரம் மைலுக்கு மேற்பட்ட கடற்கரையைக் காக்க இவ்வளவே வைத்திருந்தது அன்றைய சர்க்கார்! தேவை நெருக்கியபின், நமது நதிகளின் பெயரால் ஆறு துணைக்காவல் கப்பல்கள் பிரிட்டனில் கட்டப்பட்டன: சட்லெஜ், ஜமுனா, கோதாவரி, நர்மதா, கிருஷ்ணா, காவேரி. இவற்றை ஸ்லூப் என்பார்கள். நாசகாரிக் கப்பலைவிட வேகம் குறைந்தவை, ஆனால் நீண்ட தூரம் சாரியுடன் செல்வதற்கென்றே அமைந்தவை.

ஸ்காட்லாந்தில் கிளைடு நதிக்கரையிலுள்ள பட்டறை ஒன்றில் 1943-ம் வருஷம் ஜூன் 15-ந் தேதி காவேரி நீரில் இறக்கப்பட்டாள். மேட்டூர் அணை திறக்க வழக்கமாகக் குறிக்கப்படும் ஜூன் 12-ந் தேதிக்கு மூன்றே நாள் பின்னால்! அவ்வருஷம் அக்டோபரில் படையில் சேர்க்கப்பட்டாள். முந்நூறு அடி நீளம். சுமார் 1,350 டன் எடை. மணிக்கு இருபது கடல் மைல் வேகம். நான்கு அங்குல வாயுள்ள பீரங்கிகள் ஆறு. பீரங்கியைவிட முக்கியமான ஆயுதம் பின்தளத்தில் அடுக்கியிருந்த ஆழ்வெடிகள். பீப்பாய் போன்ற ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 290 ராத்தல் வெடிமருந்து இருக்கும். எத்தனை அடி ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே திருகி வைத்து நீரில் உருட்டுவார்கள்.

நீருக்கடியில் ஒளிந்திருப்பவனை எப்படிக் கண்டுபிடிப்பது? கப்பலின் அடியிலிருந்து ஒலியை அனுப்பி, அது எதன்மீதாவது பட்டுத் திரும்புகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கிணற்றில் குரல் கொடுத்து எதிரொலி கேட்பது போன்றது இது. நமது கடல்களின் வெப்ப நீரில் ஒலி வளைந்து ஏமாற்றும். மீன்கூட்டமும் பகைவனும் காதுக்கு ஒன்றாகவே தோன்றும். நாள் முழுதும், வாரம் முழுதும், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, எங்கோ ஓர் ஒலி மாறுகிறதா என்று கேட்டிருப்பது எத்தகைய தவம் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

காவல் இல்லாத நாட்கள்

காவலின் அருமை காவல் இல்லாதபோதுதான் தெரியும். 1942-ம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 6-ந் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ந் தேதி திரிகோணமலை தாக்கப்பட்டது. அதே நாட்களில் வங்காள விரிகுடாவில், பெரும்பாலும் துணையின்றிச் சென்ற வர்த்தகக் கப்பல்கள் இருபதுக்குமேல் மூழ்கடிக்கப்பட்டன. இந்தியக் கடற்படையின் ‘இண்டஸ்’ என்ற ஸ்லூப் அக்கியாப் அருகே குண்டு வீச்சில் மூழ்கியது. சென்னை நகரம் காலியாயிற்று. ரயில்களில் இடமில்லாமல் ஜனங்கள் உள்நாட்டு ஊர்களை நோக்கி ஓடினார்கள். ஏகாதிபத்தியம் தந்த காப்பின் லட்சணம் அன்று ஊரறிய வெளிப்பட்டது.

விசாகப்பட்டினத்துக் கடலில் ஓர் நாள்

காவல் ஏற்பட்டபின் நிலைமை எப்படி மாறியது என்பதற்கும் அதே கடலே சாட்சி. 1944-ம் வருஷம் பிப்ரவரி 11-ந் தேதி, கொழும்பிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு கப்பற்சாரி கரையோரமாகச் சென்றுகொண்டிருந்தது. துணைக்காவலாகக் காவேரியின் சகோதரியான ஜமுனாவும், லான்செஸ்டன், இப்ஸ்விச் என்ற ஆஸ்திரேலியக் கப்பல்கள் இரண்டும் சென்றன. விசாகப்பட்டினத்துக்கு அருகே ரோ-110 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி, சாரியிலிருந்த அஸ்ஃபாலியன் என்ற கப்பல்மீது டார்பிடோ விட்டது. கப்பல் சேதமுற்றது, ஆனால் மூழ்கவில்லை. காவற்கப்பல்கள் மூன்றும் அந்த நீர்மூழ்கியைத் தேடிப் பிடித்து ஆழ்வெடிகளால் அழித்தன. அதிலிருந்தவர் ஒருவரும் பிழைக்கவில்லை.

பகைவரும் தாய் பெற்ற பிள்ளைகளே. அவர்கள் சாவில் நாம் களிப்படையவில்லை. ஆனால் அடுத்த நாள் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிப்ரவரி 12-ந் தேதி, மாலத்தீவுக்கு அருகே, கொழும்பை நோக்கி வந்த கெதிவ் இஸ்மாயில் என்ற துருப்புக் கப்பலை வேறொரு ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. சில நிமிஷங்களில் ஏறக்குறைய 1,300 பேர் மாண்டனர். அவர்களில் தாதிப் பெண்களும் இருந்தனர். அக்கப்பலுக்கும் துணைக்காவல் இல்லாமலில்லை. காவல் இருந்தும் ஒரு கணம் தவறினால் இவ்வளவு நாசம் என்றால், காவலே இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும்?

அதே வருஷம் ஆகஸ்டில் கோதாவரி, ஃபிண்ட்ஹார்ன் என்ற பிரிட்டிஷ் கப்பலுடன் சேர்ந்து, செஷல்ஸ் தீவுகளுக்கருகே யு-198 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை அழித்தது. காவேரிக்கோ இத்தகைய பெயர்பெற்ற சம்பவம் அமையவில்லை. கீழைக் கடற்படையின் காவற்கப்பலாகச் சாரிகளைக் கொண்டுபோய் விட்டு, மறுபடி வேறு சாரிகளை அழைத்துவந்து, யுத்தத்தின் கடைசி இரண்டு வருஷங்களைக் கழித்தாள். வயலில் இறங்கிய காவேரியைப் போலவே, சத்தமின்றிச் சென்றாள்.

அடுப்படிக்கு வந்த யுத்தம்

சேலத்து அடுப்படிக்கும் இந்தக் கடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஜவ்வரிசியைக் காட்டினால் போதும். யுத்தத்துக்குமுன் ஜவ்வரிசி மலேயாவிலிருந்தும் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் கப்பலில் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் அந்த வழி அடைபட்டது. மறு வருஷமே சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்பவர், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவுடன் கூடி, மரவள்ளிக் கிழங்கைப் பிசைந்து பாலெடுத்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார் என்பது அத்தொழிலின் வரலாறு. இன்று சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றுத் தேசமெங்கும் செல்கிறது. கடல்வழி அடைபட்டதால் பிறந்த கைத்தொழில் அது.

ஆனால் எல்லாவற்றுக்கும் மரவள்ளி கிடைக்காது. ரங்கூன் வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றது. பர்மா மண்ணெண்ணெய் நின்றது. நாழி அரிசிக்கு வரிசையில் நின்றதையும், எண்ணெயின்றி விளக்கைச் சீக்கிரம் அணைத்ததையும் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்த வீடுகள் நம் சமவெளியில் ஏராளம். 1943-ல் வங்காளம் பட்டினியால் மடிந்தது. அதற்கு அதிகாரிகளின் அலட்சியமும் லாபக்காரரின் பேராசையும் காரணங்களே. கடல்வழி குறுகியதும் ஒரு காரணம். இந்நிலையில் ஒரு சரக்குக் கப்பல் பத்திரமாகத் துறைமுகம் சேர்ந்தது என்றால், கடலையே காணாத ஏதோ ஒரு வீட்டில் அடுப்பு எரிந்தது என்று பொருள்.

யாருடைய யுத்தம்?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அதை நாம் மறைக்க விரும்பவில்லை. அந்த யுத்தம் நம்மைக் கேளாமல் நம்மீது சுமத்தப்பட்டது. 1939 செப்டம்பர் 3-ந் தேதி வைசிராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர் ஒருவரையும் கலக்காமல், இந்தியா போரில் இறங்கியதாக அறிவித்தார். அதைக் கண்டித்தே காங்கிரஸ் மந்திரிசபைகள் பதவி துறந்தன. ஒரு காலத்தில் சேலம் நகரசபைத் தலைவராயிருந்த ராஜாஜியின் சென்னை மந்திரிசபையும் அவற்றுள் ஒன்று. 1942 ஆகஸ்டில் தேசமே ‘வெள்ளையனே வெளியேறு’ என்று முழங்கிச் சிறை சென்றது. அப்படியிருக்க, அன்னிய மகுடம் பொறித்த கப்பலில் காவல் நின்ற இந்திய மாலுமியை நாம் எப்படிக் கருதுவது? கூலிக்காரன் என்றா?

இல்லை என்பதே நமது திடமான அபிப்பிராயம். கப்பலின் கொடி அன்னியருடையது. அது காத்த கரை நம்முடையது. மேலும், அந்த மாலுமியே தன் தேசபக்திக்குச் சாட்சி கூறிவிட்டான். யுத்த காலத்தில் சென்னை மாகாணம் உள்பட நாட்டின் பல பாகங்களிலிருந்தும் சேர்ந்த இளைஞருக்கு வெள்ளை மாலுமியைவிடக் குறைந்த சம்பளமும், வாயில் வைக்க முடியாத சோறும், வசை மொழியுமே கிடைத்தன. 1946-ம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி பம்பாய் ‘தல்வார்’ பயிற்சி நிலையத்தில் அவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். தீ கராச்சி, விசாகப்பட்டினம், சென்னை வரை பரவியது. 78 கப்பல்களும் சுமார் 20,000 மாலுமிகளும் அதில் ஈடுபட்டனர். யூனியன் ஜாக் இறங்கியது. காங்கிரஸ், லீக், செங்கொடிகள் ஒன்றாக ஏறின. சர்தார் பட்டேல் முதலிய தலைவர்களின் சொல்லை ஏற்று 23-ந் தேதி அவர்கள் பணிந்தார்கள். பழிவாங்கல் இராது என்று நம்பிய பலர் வேலையிழந்தனர். சுதந்திரம் வந்தபின்னரும் அவர்களைப் படையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. கட்டுப்பாடு காக்கவே அப்படிச் செய்ததாகச் சமாதானம் கூறலாம். அச்சமாதானம் நம் மனத்துக்கு இன்றும் ஒப்பவில்லை.

பங்கு போட்ட நதிகள்

1947-ல் தேசம் பிரிந்தபோது கப்பல்களும் பிரிந்தன. கோதாவரியும் நர்மதாவும் பாகிஸ்தானுக்குப் போய், சிந்து, ஜீலம் என்று பெயர் மாறின. காவேரி நம்மிடம் தங்கினாள். அவ்வருஷம் அக்டோபரில் ஜூனாகத் சிக்கல் முற்றியபோது, கிருஷ்ணா, ஜமுனாவுடன் கத்தியவார் கடற்கரைக்குத் துருப்புகளுக்குத் துணையாகச் சென்றாள். சுதந்திர இந்தியாவின் கடற்படை செய்த முதல் காரியங்களில் அது ஒன்று. 1953-ல் பிரிட்டனிடமிருந்து துணைக்காவல் நாசகாரிகள் மூன்றைப் பெற்றபோது, அவற்றுள் ஒன்றுக்குக் கோதாவரி என்ற பெயரை மீண்டும் சூட்டினோம். அக்கப்பலும் யுத்தகாலத்தில் போலிஷ் மாலுமிகளின் கையில் கடமையாற்றியதே. காவேரியோ எழுபதுகளிலே ஓய்வு பெற்று மறைந்தாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முன்னோர் வாக்கு. உப்புக் கடலில் நின்று நம் வீட்டு உலையைக் காத்தவர்களை நாம் நினைத்தோமா? சிலையும் மணிமண்டபமும் நாம் கேட்கவில்லை. காவேரிக் கரையிலுள்ள பள்ளிக்கூடங்களில், நதியைப் பற்றிய பாடம் நடக்கும் நாளன்று, ஆசிரியர்கள் இந்தக் கப்பலின் கதையையும் ஐந்து நிமிஷம் சொல்லட்டும். அடுத்த ஆடிப் பெருக்கில் ஆற்றில் விளக்கு விடுகிறவர்கள், கடலில் காவல் நின்ற முகமறியாத அந்த மாலுமிகளுக்காகவும் ஒரு விளக்கு விடட்டும். காவேரி போய்ச் சேருமிடம் அவர்கள் காத்த கடல்தானே!