முதிரும் மூளையில் லூயி உருண்டைகள் பரவும் பாதை

ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த பழைய பூச்சோங்கில் பால்மரம் சீவி வாழ்ந்த தலைமுறையினர் இன்று முதுமையில் இருக்கின்றனர். அவர்களுள் சிலருக்குக் கை நடுங்குகிறது. சிலர் இல்லாத மனிதரை அறையில் காண்பதாகக் கூறுகின்றனர். முதலாவதை மூப்பென்றும் இரண்டாவதைக் காத்துக்கருப்பு என்றும் சொல்லிவிடுவது நம்மிடையே வழக்கம். இரண்டிற்கும் பின்னே ஒரே மூளைமாற்றம் இருக்கக்கூடும். அது எவ்வாறு தொடங்கிப் பரவுகிறது என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

1912ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் பிரெட்ரிக் லூயி, பார்க்கின்சன் நோயால் இறந்தோரின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்குள் சிறு உருண்டைகள் திரண்டிருக்கக் கண்டார். அவர் கண்ட இடங்களுள் ஒன்று, மூளைத்தண்டில் வேகஸ் நரம்பு புறப்படும் பகுதி. மூளையைக் குடலோடு இணைப்பது அந்நரம்பே. இதன் முழுப்பொருள் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தே தெளிவாகத் தொடங்கிற்று.

1997இல் மரியா ஸ்பில்லன்டினி குழுவினர், இவ்வுருண்டைகள் ஆல்பா சைனுக்ளின் என்னும் புரதத்தால் ஆனவை எனக் காட்டினர். இப்புரதம் இயல்பாகவே நரம்பு முனைகளில் உள்ளது. சிலவேளை அது தவறாக மடிகிறது. மடிந்தது, அருகிலுள்ள நல்ல புரதத்தையும் தன் வடிவுக்குத் திருப்புகிறது. பாலில் இட்ட சிறிதளவு உறைமோர் பானை முழுவதையும் தயிராக்குவதை இதற்கு ஒப்பிடலாம். ஆனால் பாலைத் தயிராக்குவன நுண்ணுயிர்கள். இங்கே புரதமே புரதத்தைத் திரிக்கிறது. இது ஒருவரிடமிருந்து மற்றவர்க்குத் தொற்றும் நோயன்று.

2003இல் ஹைக்கோ பிராக் குழுவினர் இப்பரவலை ஆறு கட்டங்களாக வகுத்தனர். முதலில் வேகஸ் நரம்பின் தோற்றுவாயும் முகர்வுப் பகுதியும் பாதிக்கப்படுகின்றன. அடுத்து மாற்றம் மூளைத்தண்டில் மேலேறுகிறது. மூன்றாம் கட்டத்தில் டோபமைன் சுரக்கும் கருநிறப் பகுதியை எட்டுகிறது. அங்குள்ள அணுக்கள் பெருமளவு அழிந்த பின்னரே நடுக்கமும் விறைப்பும் வெளிப்படுகின்றன. இறுதியில் சிந்தனைக்குரிய மூளைப் புறணியை அடைகிறது. மலச்சிக்கலும் முகர்வுக் குறைவும் கனவில் கைகால் வீசுதலும் நடுக்கத்திற்குப் பல்லாண்டு முன்பே தோன்றக்கூடிய காரணம் இவ்வரிசையில் உள்ளது.

அணுவிலிருந்து அணுவுக்கு இது செல்கிறது என்பதற்கு 2008இல் வலுவான சான்று கிடைத்தது. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் பத்தாண்டுக்கும் முன்னர்ப் பொருத்தப்பட்ட இளம் நரம்பணுக்களிலும் லூயி உருண்டைகள் காணப்பட்டன. எனினும் எல்லாரிடமும் பாதை ஒன்றன்று. சிலருக்கு மாற்றம் குடலில் தொடங்காமல் மூளையிலேயே தொடங்குவதாக அறிஞர் கருதுகின்றனர். உருண்டைகள் இருந்தும் நோய்க்குறி இன்றி வாழ்ந்து மறைந்த முதியோரும் உளர்.

குடல் பற்றிய ஆய்வு நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் நடைபெறுகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் டான் ஐ ஹுவே, லிம் ஷென் யாங் குழுவினர், நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் பார்க்கின்சன் நோயாளிகளின் மலச்சிக்கலைத் தணிப்பதை 2021இல் வெளியிட்டனர். வயிற்றிலுள்ள ஹெலிகோபாக்டர் கிருமியை அகற்றுவதால் நோய்க்குறிகள் குறையவில்லை என்பதையும் அவர்களே 2020இல் தெரிவித்தனர். பயன் கண்டதையும் காணாததையும் ஒருங்கே வெளியிடுதலே அறிவியலின் நேர்மை. பரவலைத் தடுப்பதாக மெய்ப்பிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை.

ஆயினும் இப்பாதையை அறிவதால் பயன் உண்டு. மலச்சிக்கல் ஒன்றைக் கண்டே அஞ்ச வேண்டியதில்லை. முகர்வுக் குறைவு, உறக்கத்தில் கூச்சலிட்டு அடித்தல், நடை தளர்தல், இல்லாததைக் காணல் ஆகியவை ஒருவரிடம் சேர்ந்து வருமாயின் நரம்பியல் மருத்துவரை நாடுதல் வேண்டும். மாயக்காட்சிக்கெனத் தரப்படும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் லூயி மறதிநோயாளரைக் கடுமையாக விறைக்கச் செய்து உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். ஆதலின் எல்லாக் குறிகளையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுதல் இன்றியமையாதது. இரவில் பாட்டி என்ன செய்கிறார் என்பதை அடுத்த அறையில் படிக்கும் பேரப்பிள்ளையே முதலில் அறிவார். அம்மாணவர் கண்டதை வீட்டாரிடம் சொல்லவும், வீட்டார் அதை மருத்துவரிடம் கொண்டுசெல்லவும் ஆசிரியர்கள் துணைநிற்பார்களாக.