நான்கு நகரங்களில் யூத மரபின் சுவடுகள்

மத்திய ஐரோப்பாவில் பிராக், வியன்னா, பிராற்றிஸ்லாவா, புடாபெஸ்ற் என்னும் நான்கு நகரங்கள் ஒன்றுக்கொன்று அணித்தாக அமைந்துள்ளன. இன்று இவை முறையே செக் குடியரசு, ஒஸ்திரியா, சிலோவாக்கியா, ஹங்கேரி ஆகிய நாடுகளின் தலைநகரங்களாகும். ஆயினும், 1918ஆம் ஆண்டு வரை இவை நான்கும் ஹப்ஸ்பேர்க் மன்னர்களின் ஒரே குடைக்கீழ் இருந்தன. பிராக் நகரிலிருந்து வியன்னாவுக்குப் புகையிரதத்தில் நான்கு மணி நேரப் பயணம். வியன்னாவிலிருந்து பிராற்றிஸ்லாவாவுக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து புடாபெஸ்ற் நகருக்கு இரண்டரை மணி நேரம். பல நூற்றாண்டுகளாக யூத வணிகரும், மறைநூல் கற்ற அறிஞரும், அச்சுத் தொழிலாளரும், வைத்தியரும் இந்த வழியாகவே போக்குவரவு செய்தனர். அவர்கள் விட்டுச்சென்ற சுவடுகளைக் காண விரும்புவோர் இன்று வழிகாட்டி ஒருவருடன் எட்டு அல்லது பத்து நாட்களில் இந்நான்கு நகரங்களையும் சுற்றி வருகின்றனர்.

இத்தகைய பயணத்தில் கலந்துகொள்வோர் பல திறத்தினர். பாட்டனார் பிறந்த வீதியைத் தேடி அமெரிக்காவிலிருந்து வருபவர் ஒருவர். வரலாற்றில் ஆர்வங்கொண்ட ஆசிரியர் ஒருவர். பழைய கட்டடக் கலையைக் காண வருபவர் மற்றொருவர். யாவராயினும், பயணம் தொடங்குமுன் அவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. யூத சமயத்தின் பழைய முறைப்படி, கூட்டு வழிபாட்டின் முக்கிய பகுதிகளை நடத்துவதற்கு வயது வந்த ஆடவர் பத்துப் பேர் கூடியிருத்தல் வேண்டும். ஒன்பது பேர் இருந்தாற் போதாது. எவ்வளவு அழகிய தொழுகைக்கூடமாயினும், பத்துப் பேர் கூடாவிடின் அது வெறுங் கட்டடமே. ஆதலின், இந்நகரங்களில் ஒரு கூடத்தின் முன் நிற்பவர் இரண்டு கேள்விகளைக் கேட்டல் தகும். இக்கட்டடம் எவ்வாறு தப்பியது? இங்கே இன்றும் பத்துப் பேர் கூடுகின்றனரா?

பிராக் நகரின் யூதர் பகுதி யோசெபோவ் எனப்படும். 1781ஆம் ஆண்டில் சமய சகிப்புச் சட்டங்களைப் பிறப்பிக்கத் தொடங்கிய இரண்டாம் யோசேப்பு மன்னரின் நினைவாக ஏற்பட்ட பெயர் அது. அங்கே 'பழைய-புதிய தொழுகைக்கூடம்' என்னும் கட்டடம் நிற்கிறது. 1270ஆம் ஆண்டளவில் எழுந்த இது, இன்றும் வழிபாடு நடைபெறும் தொழுகைக்கூடங்களுள் ஐரோப்பாவிலே மிகப் பழைமையானது. அணித்தே பழைய இடுகாடு உள்ளது. யூதர் தம் இறந்தோரைப் புதைத்த இடத்தை மீண்டும் தோண்டுவதில்லை. இடத்தை விரிவாக்கவும் வழியில்லாமையால், பழைய கல்லறைகளின் மேல் மண்ணைக் கொட்டி, அதன்மேல் மீண்டும் புதைத்தனர். சில இடங்களிற் பன்னிரண்டு அடுக்குகள் உள்ளன என்பர். இதனாலேயே சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தவாறு நெருங்கி நிற்கின்றன. அவற்றுள் மிகப் பழையது 1439ஆம் ஆண்டினது. 1609இல் மறைந்த றபி லோவ் என்னும் பேரறிஞரின் கல்லறையும் இங்கேயே இருக்கிறது. களிமண்ணாற் செய்த 'கோலெம்' என்னும் உருவத்துக்கு அவர் உயிரூட்டினார் என்ற கதை பிற்காலத்திலே தோன்றியது.

பிராக்கின் தொழுகைக்கூடங்களும் வழிபாட்டுப் பொருள்களும் நாஸிகளின் ஆட்சியில் எவ்வாறு அழியாது நின்றன? 1906ஆம் ஆண்டிலேயே இங்கு ஒரு யூத நூதனசாலை நிறுவப்பட்டிருந்தது. 1942இல், பொஹீமியா, மொறேவியா மாகாணங்களிலே குடிகள் அகற்றப்பட்ட ஊர்களின் வழிபாட்டுப் பொருள்கள் யாவும் பிராக் நகருக்கு அனுப்பப்பட்டன. வெள்ளிக் கிண்ணங்கள், திரைச்சீலைகள், தோரா என்னும் திருமறைச் சுருள்கள் ஆகியவற்றை யூத அறிஞர்களே வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எந்த ஊருக்குரியது எனக் குறித்துவைத்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பின்னர் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டு மாண்டனர். பொருள்கள் எஞ்சின, அவற்றைக் காத்தவர்கள் எஞ்சவில்லை.

அருகிலுள்ள பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், கொல்லப்பட்ட ஏறக்குறைய 78,000 செக் யூதரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டுள்ளன. ஊர், குடும்பப் பெயர், பெயர், பிறந்த நாள், உயிருடன் இருந்ததாக இறுதியில் அறியப்பட்ட நாள் என்னும் ஒழுங்கில் அவை அமைந்துள்ளன. இரு ஓவியர்கள் 1954 முதல் 1959 வரை இப்பணியைச் செய்தனர். 1968இல், நிலத்தடி ஈரம் ஏறியதனாற் கூடம் மூடப்பட்டது, எழுத்துக்கள் அழிந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது திறக்கப்படவேயில்லை. பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்த பின்னர், 1992 முதல் 1996 வரை அப்பெயர்கள் மீண்டும் ஒவ்வொன்றாக எழுதப்பட்டன. ஒரே பெயர்களை ஒரே சுவரில் இருமுறை எழுதவேண்டி நேர்ந்தது.

பிராக்கிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் தெரேசின் என்னும் கோட்டை நகர் உள்ளது. 1744இல் பிராக் நகர யூதரை வெளியேற்றக் கட்டளையிட்ட மரியா தெரேசா அரசியின் பெயரால், அவர் மகன் யோசேப்பு அதனைக் கட்டினார். 1941 நவம்பரில் நாஸிகள் அதனை யூதர் அடைப்பிடமாக்கினர். அங்கே சுமார் 33,000 பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். 87,000 பேரளவிற் கிழக்கே அனுப்பப்பட்டனர். அவ்விடத்திலும், வியன்னாவிற் பிறந்த பிறீடில் டிக்கர்-பிறாண்டைஸ் என்னும் ஓவிய ஆசிரியை சிறுவருக்குச் சித்திரம் கற்பித்தார். ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்தில் தன் பெயரை எழுதவேண்டும் என்பது அவர் வழக்கம். 1944 ஒக்ரோபரில் அவர் அவுஷ்விற்சில் கொல்லப்பட்டார். இரண்டு பெட்டிகளில் விடப்பட்டிருந்த ஏறத்தாழ 4,500 சித்திரங்கள் இன்று பிராக் நூதனசாலையின் காப்பில் உள்ளன.

வியன்னாவில் முதற் கேள்விக்கு வேறொரு விடை கிடைக்கிறது. அங்கு சைற்றென்ஸ்ரெற்றன் சந்தில் நகரத் தொழுகைக்கூடம் இருக்கிறது. தெருவில் நடந்து செல்பவர் அதனை அறிய இயலாது. சாதாரண மாடிவீட்டின் முகப்பே தெரியும். 1825–26இல் யோசெப் கோர்ன்ஹொய்சல் இதனைக் கட்டிய காலத்தில், கத்தோலிக்க ஆலயங்கள் மட்டுமே வீதியை நோக்கிய முகப்புடன் விளங்கலாம் என்பது சட்டம். ஆதலால் அவர் வீடுகளின் நடுவே தொழுகைக்கூடத்தை மறைத்து அமைத்தார். உள்ளே சென்றால், முட்டை வடிவான மண்டபமும், பன்னிரண்டு தூண்களும், விண்மீன் பொறித்த விதானமும் கண்ணைக் கவர்கின்றன. 1938 நவம்பர் 9ஆம் நாள் இரவு வியன்னாவின் தொழுகைக்கூடங்கள் எரியூட்டப்பட்டன. இக்கூடமும் சூறையாடப்பட்டது, ஆனால் தீ வைத்தால் ஒட்டியிருக்கும் வீடுகளும் எரியும் என்ற அச்சத்தால் எரிக்கப்படவில்லை. யூதரை ஒதுக்கி வைக்க இயற்றிய சட்டமே, நூறு ஆண்டுகளின் பின் அவர்தம் கூடத்துக்கு அரணாயிற்று. இன்றும் அங்கு வழிபாடு நடைபெறுகின்றது. 1981இல் இங்கு நிகழ்ந்த ஆயுதத் தாக்குதலுக்குப் பின் வாயிலிற் கடுங்காவல் உண்டு. பார்வையாளர் கடவுச்சீட்டுடன் செல்லுதல் வேண்டும்.

சில நிமிட நடைத்தூரத்தில் யூதர் சதுக்கம் இருக்கிறது. அங்கு நின்ற பழைய தொழுகைக்கூடம் 1421இல், வியன்னா யூதர் எரித்தும் துரத்தியும் ஒழிக்கப்பட்ட காலத்தில், அழிந்தது. அதன் அத்திவாரம் 1995ஆம் ஆண்டு தொடங்கிய அகழ்வில் வெளிப்பட்டது. அதன் மேற்றளத்தில் ஆங்கிலச் சிற்பி றேச்சல் வைற்றிறெட் அமைத்த நினைவுச்சின்னம் 2000ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்டது. கொங்கிறீற்றினாலான நூலகம் அது. நூல்களின் முதுகுப்புறம் உள்நோக்கியும் ஏடுகளின் விளிம்பு வெளிநோக்கியும் இருப்பதால், எந்த நூலின் பெயரையும் படிக்க முடியாது. கதவுகளுக்குக் கைப்பிடியும் இல்லை. கொல்லப்பட்ட ஒஸ்திரிய யூதர் சுமார் 65,000 பேர். அவர்களுடன் எழுதப்படாமலே போன நூல்கள் எத்தனை என்று அது கேட்கிறது போலும். 2021 நவம்பரில் அதே நகரில், 64,000க்கு மேற்பட்ட பெயர்கள் பொறித்த கற்சுவர்கள் திறக்கப்பட்டன.

வியன்னாவிலிருந்து டான்யூப் நதி செல்லும் திசையில் அறுபது கிலோமீற்றரளவிற் பிராற்றிஸ்லாவா உள்ளது. முன்னாளில் பிறெஸ்பேர்க் எனப்பட்ட இந்நகரில், 1806 முதல் 1839இல் மறையும் வரை, ஹத்தாம் சோபர் எனச் சிறப்பிக்கப்படும் மோசே சோபர் சமயத் தலைவராக விளங்கினார். அவர் நடத்திய மறைநூற் கல்விக்கூடம் ஐரோப்பா எங்கும் புகழ்பெற்றது. 1943இல் வீதி வேலைக்காகப் பழைய இடுகாடு அகற்றப்பட்டபோது, அவருடையது உட்பட 23 கல்லறைகள் மட்டும் இருந்த இடத்திலேயே விடப்பட்டுக் கொங்கிறீற்றினால் மூடப்பட்டன. 2002இல் அவ்விடம் புதுக்கப்பட்டு, நிலத்தின் கீழ்ச் சென்று வணங்கும் மண்டபமாயிற்று.

எனினும், இந்நகரில் வழிகாட்டி காட்டும் முக்கிய இடம், ஒன்றும் இல்லாத இடமே. புனித மார்ட்டின் பேராலயத்தின் அருகே, இரட்டைக் கோபுரங்களுடன் ஒரு பெரிய தொழுகைக்கூடம் இருந்தது. போரிலும் அது வீழவில்லை. 1969இல், டான்யூபின் மேல் புதிய பாலம் ஒன்றுக்கு வழிசெய்ய, அது இடிக்கப்பட்டது. இன்று கருங்கற் சுவர் ஒன்றில் அதன் உருவம் மட்டும் வரையப்பட்டிருக்கிறது. அதை இடித்தவர்கள் நாஸிகள் அல்லர். சமாதான காலத்து அரசாங்கமே. அதனை எதிர்த்து நிற்க யூத மக்கள் அங்கே அதிகம் இருக்கவில்லை. 1942ஆம் ஆண்டில் மட்டும், ஜேர்மனியின் நட்பு நாடாயிருந்த சிலோவாக்கிய அரசு சுமார் 58,000 யூதரை நாடுகடத்தியது. ஆளொன்றுக்கு ஐந்நூறு மார்க் வீதம் ஜேர்மனிக்குக் கட்டணம் செலுத்தவும் அது இணங்கியது. மக்கள் முதலிற் போயினர். கட்டடம் பின்னர்ப் போயிற்று.

இறுதியாக அடைவது புடாபெஸ்ற். டோஹானி வீதியிலுள்ள தொழுகைக்கூடம் ஐரோப்பாவிலே மிகப் பெரியது, 1859இல் திறக்கப்பட்டது, சுமார் 3,000 பேர் அமரத்தக்கது. வியன்னாவிற் பணியாற்றிய லுட்விக் பேர்ஸ்ரர் இதன் சிற்பி. புதுமையை விரும்பிய நெயோலொக் என்னும் பிரிவினர்க்குரிய இக்கூடத்தில் ஓர்கன் வாத்தியமும் உண்டு. பழைமை பேணுவோர் இதனை ஏற்கவில்லை. அவர்தம் கூடம் அருகே காசின்சி வீதியில் உள்ளது.

1944 மார்ச் 19ஆம் நாள் ஜேர்மன் படை ஹங்கேரியுட் புகுந்தது. மே 15 முதல் யூலை 9 வரை, எட்டே வாரங்களில், நாட்டுப்புறங்களிலிருந்து சுமார் 4,37,000 யூதர் அகற்றப்பட்டனர். மிகப் பெரும்பாலோர் அவுஷ்விற்சுக்கே அனுப்பப்பட்டனர். யூலை மாதத்தில் அந்நாட்டின் ஆட்சித் தலைவர் ஹோர்த்தி அதனை நிறுத்தியமையால், தலைநகரின் யூதர் அவ்வேளை தப்பினர். ஒக்ரோபரில் அம்புச் சிலுவைக் கட்சியினர் ஆட்சியைக் கைப்பற்றியதும் கொலை மீண்டும் தொடங்கியது. அவர்கள் பலரை நதிக்கரையில் நிறுத்திச் சுட்டு நீரில் வீழ்த்தினர். அவ்விடத்தில் 2005 முதல் அறுபது சோடி இரும்புச் சப்பாத்துக்கள் வைக்கப்பட்டுள்ளன. சுவீடன் நாட்டு ராஜதந்திரி றவுல் வாலன்பேர்க், சுவிற்சர்லாந்தின் கார்ல் லூற்ஸ் முதலியோர் பாதுகாப்புப் பத்திரங்கள் வழங்கிப் பல்லாயிரவரைக் காத்தனர். 1945 ஜனவரி 18ஆம் நாள் சோவியத் படை வந்தபோது, அடைப்பிடத்தில் சுமார் 70,000 பேர் உயிருடன் இருந்தனர். அந்தக் குளிர்காலத்தில் மாண்ட இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் தொழுகைக்கூட முற்றத்திலேயே புதைக்கப்பட்டுள்ளனர். தொழுகைக்கூட வளவில் இறந்தோரைப் புதைத்தல் யூதர் வழக்கமன்று, வேறு வழியிருக்கவில்லை. பின்புறத்தில் உலோகத்தாலான மரம் ஒன்றின் இலைகளில் மாண்டோர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இத்துணை இழப்பின் பின்னரும், மத்திய ஐரோப்பாவின் மிகப் பெரிய யூத சமூகம் இந்நகரிலேயே வாழ்கிறது. இங்கே பத்துப் பேர் கூடுவது அரிதன்று.

பயணஞ் செய்வோர் சில ஒழுக்கங்களைக் கைக்கொள்ளல் நன்று. தொழுகைக்கூடங்களிலும் இடுகாடுகளிலும் ஆடவர் தலையை மூடுதல் வேண்டும். சனிக்கிழமை ஓய்வுநாளாதலின் நூதனசாலைகள் மூடப்பட்டிருக்கும். வெள்ளி மாலை முதல் அதற்கேற்பத் திட்டமிடல் வேண்டும். கல்லறையில் மலர் வைப்பதற்குப் பதிலாகச் சிறு கல் ஒன்று வைப்பது யூதர் மரபு. யாரோ வந்து நினைத்தார் என்பதற்கு அது சாட்சி.

பத்துப் பேர் கூடாத ஊர்களின் கதி யாது? பொஹீமியா, மொறேவியாச் சிற்றூர்களிலிருந்து பிராக்கிற்கு வந்த தோரா சுருள்களுள் 1,564 சுருள்கள், போருக்குப் பின் ஈரமான கட்டடம் ஒன்றிற் குவிந்து கிடந்தன. அவற்றைப் படிக்கவேண்டிய சபைகள் இல்லை. 1964இல் அவை இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. எழுதுவோர் அவற்றுட் பலவற்றைச் செப்பனிட்டனர். பின்னர் பல நாடுகளிலுள்ள யூத சபைகளுக்கு அவை இரவலாக அளிக்கப்பட்டன. ஆட்களற்ற ஊரின் சுருள், கடல் கடந்த ஒரு நகரில் விரிக்கப்படும்போது, அது வந்த ஊரின் பெயரையும் அங்குள்ள சபையார் நினைவுகூர்கின்றனர். பிராக்கில் அறிஞர்கள் பொருள்களுக்கு ஊர்ப்பெயர் குறித்துவைத்த பணி அங்கே பயன் தருகிறது. ஊருக்குரிய பத்துப் பேர் இல்லாவிடினும், அவ்வூரின் சுருளைச் சுற்றி வேறு பத்துப் பேர் நிற்கின்றனர்.