நேட்டாலுக்குப் போன பாட்டனார்

1860-ஆம் வருஷம் அக்டோபர் 12-ஆம் தேதி, அதாவது ரௌத்திரி வருஷம் புரட்டாசி மாசக் கடைசியில், சென்னைத் துறையினின்றும் புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல், 342 பேரைச் சுமந்துகொண்டு நவம்பர் 16-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் நேட்டாலைச் சேர்ந்த டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அது முதல் 1911 வரையில் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்களுடைய சந்ததியார் இன்று பூர்விக ஊரைத் தேடி நம் ஜில்லாக்களுக்கு வருகிறார்கள்.

வீட்டில் அகப்படும் ஆதாரம் சொற்பந்தான். சிராத்தம் செய்யும் குடும்பத்தாருக்குத் திதி தெரியும், வருஷம் தெரியாது. ‘ரௌத்திரியில் வந்தார்’ என்று பாட்டி சொல்லிவைத்திருந்தால், அது 1860 ஆகலாம், அறுபது வருஷச் சக்கரம் ஒருமுறை சுழன்ற 1920-ம் ஆகலாம். 1911-க்குப் பின் ஒப்பந்தக் கப்பலே வராதபடியால், கூலியாக வந்தவர் விஷயத்தில் அந்தச் சந்தேகம் தானே தீர்ந்துவிடுகிறது. தேடவேண்டிய முக்கியமான வஸ்து, வந்தவர் ஒவ்வொருவருக்கும் சர்க்கார் கொடுத்த நம்பர். பிள்ளைகளின் ஜனன, விவாகப் பத்திரங்களிலும் பெற்றோரின் நம்பர் பதிவாவதுண்டு.

அந்த நம்பரைக் கொண்டு கப்பல் ஜாபிதாவைத் திறந்தால், பெயர், தகப்பன் பெயர், வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம் எல்லாம் வரிசையாக நிற்கும். படம் இல்லாத அந்த மனிதருக்கு முழங்காலிலோ மார்பிலோ இருந்த தழும்பு ஒன்றே நமக்குக் கிடைக்கும் முகம். ஆனால் எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததையே எழுதினார். முதலி ‘மூட்லி’ ஆனார், முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார். போதாக்குறைக்குத் தகப்பன் பெயரே பிற்காலத்தில் பல வீடுகளில் குடும்பப் பெயராகிவிட்டபடியால், பேரன் தன் வம்சப் பெயரென்று எண்ணிக்கொண்டிருப்பது பாட்டனாரின் சொந்தப் பெயராகவே இருக்கும். ஜாதிக் கட்டத்தில் ‘மலபார்’ என்று கண்டு கேரளத்துக்கு ஓடியும் பயனில்லை. அக்காலத்து வெள்ளைக்காரர் தமிழரையும் அப்படித்தான் அழைத்தார்கள். வட ஆற்காடு ஜில்லா என்றிருந்தால் வேலூர்ப் பக்கம் மாத்திரம் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. 1911 வரை சித்தூரும் அதில் அடங்கியிருந்தது.

ஊர் பிடிபட்ட பின், எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள பழைய நிலப் பதிவேடுகளில் பாட்டனாரைக் காணலாமென்று பலர் ஆசைப்படுகிறார்கள். பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்; கைவசம் பட்டா இருந்தவர் எதற்காகக் கப்பலேறப் போகிறார்? அவ்விடத்தில் ஏட்டைவிட ஊராரின் ஞாபகமே உபயோகப்படும்.

அப்படி ஒருவர் கையில் ஒரு தாளோடு உங்கள் கிராமத்துக்கு வந்தால், அதிலுள்ள ஊர்ப் பெயரை, வயசானவர்கள் காதில் விழும்படி இரண்டு மூன்று முறை உரக்கப் படித்துக் காட்டுங்கள். காதால் கேட்டு எழுதிய பெயர் அது.